ஆஸ்திரேலிய பார்பெக்யூ: புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் 15 வருடமாகக் குடியிருக்கிறேன். படிக்க வரும் பிள்ளைகளும், வேலை மாற்றலில் வரும் குடும்பங்களும் முதல் கோடையிலேயே இந்தக் கேள்விகளைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அடுப்பைப் பங்கிட்டுச் சமைக்கும் பழக்கம் இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதனால் கறியைவிட அடுப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சனிக்கிழமை பார்பிக்கு வாங்க" என்று ஆபீஸில் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் என்ன நடக்கும்?

பார்பி என்பது பார்பெக்யூவின் செல்லப் பெயர், வெட்டவெளியில் அடுப்பு வைத்துக் கறி சுட்டுக் கூடிச் சாப்பிடுவது. மதியம் 1 மணிக்கு வரச் சொன்னால், 1 மணிக்குச் சாப்பாடு தயாராக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அடுப்பே அப்போதுதான் பற்றவைப்பார்கள். எல்லோரும் கையில் ஒரு கிளாஸோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் புல்வெளியில் கிரிக்கெட் ஆடும். கறி வெந்த வரிசையில் தட்டுக்கு வரும். பந்தியும் இல்லை, பரிமாறலும் இல்லை. வேண்டியதை நீங்களே எடுத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடலாம், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தும் சாப்பிடலாம். பசி தாங்காதவர்கள் வீட்டில் ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. உடுப்பு சாதாரணமாக இருக்கட்டும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம் வேண்டும். இங்கத்திய வெயில் நம் தோலையும் சுட்டுவிடும்.

அடுப்பின் முன்னால் இடுக்கி பிடித்திருப்பவரிடமிருந்து அதை வாங்கிக் கறியைத் திருப்பப் போகாதீர்கள். அந்த வேலை அவருடையது. "ஏதாவது எடுத்து வரவா?" என்று கேட்டால் போதும்.

அழைப்பில் "பிரிங் எ பிளேட்" என்று எழுதியிருக்கிறது. வீட்டில் தட்டு போதவில்லையா?

இல்லை. எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும்படி ஒரு பதார்த்தம் செய்து தட்டில் கொண்டு வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். காலித் தட்டோடு போய் நின்ற குடும்பங்கள் பல. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அப்படி நடந்திருக்கிறது. சாலட், வடை, சமோசா, பழம் என எது வேண்டுமானாலும் கொண்டு போகலாம்.

"பி.ஒய்.ஓ." என்று இருந்தால் உங்களுக்கான பானத்தை நீங்களே கொண்டு போக வேண்டும். "பி.ஒய்.ஓ. மீட்" என்றால் கறியும் உங்களுடையதுதான். இதையெல்லாம் ஐஸ் போட்டு எடுத்துப்போகும் பெட்டிக்கு எஸ்கி என்று பெயர். ஒரு கம்பெனியின் பெயர் அப்படியே எல்லாப் பெட்டிக்கும் நிலைத்துவிட்டது, நகலெடுப்பதை நாம் ஜெராக்ஸ் என்று சொல்கிறோமே, அதுபோல.

என்னவெல்லாம் சுடுவார்கள்? இறால் உண்டா?

முதலில் சாசேஜ், கொத்துக்கறியை நீளமான உறையில் அடைத்தது. இங்கே அதை ஸ்னாக் என்பார்கள். வட்டமாக அரிந்த வெங்காயத்தைக் கல்லில் பொன்னிறமாக வதக்கி, ஒரு துண்டு வெள்ளை ரொட்டியில் சாசேஜைக் குறுக்காக வைத்து, வெங்காயமும் தக்காளி சாஸும் போட்டு மடித்துத் தருவார்கள். பன்னெல்லாம் கிடையாது, சாதாரண சாண்ட்விச் ரொட்டிதான். அதற்குப் பிறகு ஆட்டுக்கறி சாப்ஸ், மாட்டுக்கறி ஸ்டேக், கொத்துக்கறியை உருட்டித் தட்டிய ரிசோல், கோழி. சில வீடுகளில் கங்காரு கறியும் இருக்கும். அதில் கொழுப்பு மிகக் குறைவு, கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட், முட்டைக்கோஸ் சீவிய கோல்ஸ்லா, கடைசியில் முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் பாவ்லோவா இனிப்பு.

இறால் கேள்வி எல்லோரும் கேட்பது. 1984இல் அமெரிக்கர்களைச் சுற்றுலாவுக்கு அழைக்கும் விளம்பரத்தில் நடிகர் பால் ஹோகன், உங்களுக்காக இன்னொரு 'ஷ்ரிம்ப்' பார்பியில் போடுகிறேன் என்று சொன்னார். உலகம் முழுக்க அது பரவிவிட்டது. ஆனால் ஆஸ்திரேலியர் யாரும் இறாலை ஷ்ரிம்ப் என்று சொல்வதில்லை, ப்ரான் என்பார்கள். அமெரிக்கர்களுக்குப் புரியட்டும் என்று மாற்றிய சொல் அது. இறால் சுடுவது உண்டு, ஆனால் தினப்படி பார்பெக்யூ என்றால் சாசேஜ்தான்.

நான் சைவம். மாட்டுக்கறி, பன்றிக்கறி பட்ட கல்லில் சமைத்ததைச் சாப்பிட முடியாது. எப்படிச் சொல்வது?

கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஹலால் பார்ப்பவர்கள், வீகன், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று எல்லோரும் கலந்த ஊர் இது. போன பிறகு தட்டைப் பார்த்து முகம் சுளித்தால்தான் அவர்களுக்குச் சங்கடம்.

கொஞ்சம் முன்னாலேயே போய், கறி ஏறுமுன் உங்களுடையதைச் சுட்டு எடுத்துவிடலாம். இல்லையென்றால் கெட்டியான அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாகக் கல்லின் ஓரத்தில் விரித்து அதன்மேல் சமைக்கலாம். பன்னீர், ஹலூமி சீஸ், சோளக்கதிர், காளான், கத்திரிக்காய், குடமிளகாய் எல்லாம் கல்லில் அருமையாக வரும். இடுக்கியும் தனியாகக் கொண்டு போங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

இன்னொரு விஷயம். மாட்டுக்கறி மட்டும் வேண்டாம் என்பவர்கள் கோழி சாசேஜை நம்பி வாங்குகிறார்கள். அதன் மேலுறை மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனாக இருக்கலாம். பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பூங்காக்களில் இருக்கும் அடுப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா? காசு கட்ட வேண்டுமா?

பெரும்பாலான இடங்களில் இலவசம். ஊருக்கு ஊர் உள்ளாட்சி மன்றங்கள் இவற்றை வைத்துப் பராமரிக்கின்றன. பிரிஸ்பேனின் சவுத் பேங்க், கெய்ன்ஸின் எஸ்பிளனேடு, எங்கள் பக்கம் பாரமட்டா பார்க் என்று எங்கே போனாலும் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவுக்கு வந்து நான் முதலில் வியந்தது இந்த அடுப்புகளைப் பார்த்துத்தான். பூட்டு இல்லை, காவல் இல்லை, ரசீது இல்லை. செங்கல் மேடையில் பதித்த ஒரு ஸ்டீல் கல்லும் ஒரு பித்தானும், அவ்வளவுதான்.

பித்தானை அழுத்தினால் விளக்கு எரியும், கல் சூடேறத் தொடங்கும். மின்சார அடுப்பு என்பதால் அவசரப்படக் கூடாது, நன்றாகக் காய 10 நிமிடமாவது ஆகும். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், மறுபடி அழுத்த வேண்டும். சமைத்துக்கொண்டே இருக்கும்போது "ஏன் கறி வேகவில்லை" என்று குழம்புகிறவர்கள் விளக்கைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கல்லின் நடுப்பக்கம் லேசாகச் சரிந்து ஒரு ஓட்டையில் முடியும். கொழுப்பு அதில் வழிந்து கீழே இருக்கும் பாத்திரத்தில் சேரும். வெங்காயத்தை அந்த ஓட்டைப் பக்கம் தள்ளாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

முன்பதிவு பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் முறை முக்கியம். இரண்டு கல் இருந்தால் இரண்டையும் பிடித்துக்கொள்ளக் கூடாது. யாராவது வந்து பார்த்துக்கொண்டு நின்றால், "இன்னும் 10 நிமிஷம்" என்றோ "இந்தப் பாதியை எடுத்துக்கோங்க" என்றோ நீங்களே சொல்ல வேண்டும். ஒரு டிசம்பர் ஞாயிறு பாரமட்டா பார்க்கில் நாங்கள் போனபோது எல்லாக் கல்லிலும் ஆள். லெபனான் குடும்பம் ஒன்று கோழியைச் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா எங்கள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார், தன் கோழித் துண்டுகளை இடுக்கியால் ஒரு பக்கமாக ஒதுக்கினார், காலியான பாதியைச் சுரண்டி, பேப்பர் டவலால் துடைத்து, "வாங்க" என்று கையைக் காட்டினார். எங்கள் மிளகாய்ப்பொடி நெடியில் அவருக்கு ஒரு தும்மல் வந்தது. கிளம்பும்போது ஒரு கிண்ணம் பூண்டு சாஸ் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, அது இன்னும் மனதில் குறையாக இருக்கிறது.

சமைத்து முடித்ததும் யார் சுத்தம் செய்வது?

நீங்கள்தான். மன்றத்து ஊழியர்கள் வந்து கழுவுவார்கள் என்பது உண்மை, ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்கு அடுத்து ஒருவர் வருவார். கல் சூடாக இருக்கும்போதே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், ஆவி மேலே வரும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியதெல்லாம் இளகியதும் தட்டையான சுரண்டியால் வழித்து, பேப்பர் டவலை இடுக்கியில் பிடித்துத் துடைத்தெடுங்கள். சோப்பு வேண்டாம், அடுத்தவர் சாப்பாட்டில் வாடை வரும். வழித்த கரியைப் புல்லில் கொட்டாமல் குப்பைத் தொட்டியில் போடுங்கள். இந்த 5 நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு "நம்ம ஆளுங்க விட்டுட்டுப் போனது" என்று மஞ்சள் கறையை வைத்தே அடையாளம் சொல்லும் நிலை வரக் கூடாது. இதில் நான் கறாராகத்தான் இருக்கிறேன்.

நம் மசாலா போட்ட கறி ஏன் கல்லில் கருகிப் போகிறது?

தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் கல்லில் பட்டவுடன் பிடித்துக்கொள்ளும், கறி உள்ளே வேகுமுன் வெளியே கரியாகும். முதல் நாள் ராத்திரியே ஊறவைத்து, கல்லில் போடுமுன் அதிகப்படி மசாலாவை வழித்துவிடுங்கள். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறியில் தடவுங்கள். கோழியை எலும்பில்லாமல் மெல்லியதாக வெட்டிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சாசேஜை முள்கரண்டியால் குத்தாதீர்கள், சாறெல்லாம் ஓடிவிடும். மிதமான சூட்டில் அடிக்கடி உருட்டிவிட்டால் தோல் வெடிக்காது. சாசேஜ், கொத்துக்கறி, கோழி மூன்றும் உள்ளே 75 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். பச்சைக்கறி வைத்த தட்டில் வெந்ததை எடுத்து வைக்காதீர்கள். கோடை வெயிலில் மேசையிலேயே 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்த கறியை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகவும் வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஓட்டுப் போடப் போனால் சாசேஜ் விற்கிறார்கள். இது என்ன பழக்கம்?

சாசேஜ் சிசில் என்பது நிதி திரட்டும் வழி. பள்ளியின் பெற்றோர் சங்கம், சாரணர், கால்பந்துக் குழு என்று யாருக்காவது பணம் தேவைப்பட்டால் ஒரு அடுப்பு, ஒரு மேசை, சில மூட்டை வெங்காயம் போதும். பன்னிங்ஸ் என்ற வீட்டு மராமத்துச் சாமான் கடைகளின் வாசலில் வாரக் கடைசிகளில் இது நடக்கும். கடை இடம் கொடுக்கும், வரும் பணம் அந்தச் சங்கத்துக்கு. பல வருடம் 2.50 டாலருக்கு விற்று, 2022இல்தான் 3.50 ஆக்கினார்கள், அதுவே நாடு முழுக்கச் செய்தியானது. 2018இல் வெங்காயம் கீழே விழுந்து யாரும் வழுக்கிவிடக் கூடாது என்று, வெங்காயத்தை சாசேஜுக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். மேலே வேண்டுமா அடியில் வேண்டுமா என்று அன்று பிரதமர்வரை கருத்துக் கேட்டார்கள்.

தேர்தல் கதை இன்னும் அழகு. இங்கே கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது 1924 முதல் சட்டப்படி கட்டாயம், தேர்தல் நாள் சனிக்கிழமை. வாக்குச்சாவடிகள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள். ஊர் மொத்தமும் ஒரே நாளில் பள்ளிக்கு வந்து வரிசையில் நிற்கிறது, பெற்றோர் சங்கத்துக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? ஓட்டுப் போட்டுவிட்டுச் சாப்பிடும் இந்த ரொட்டிக்கு ஜனநாயக சாசேஜ் என்று பெயர் வந்துவிட்டது. ஆஸ்திரேலிய தேசிய அகராதி மையம் 2016இன் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. அதே 2016 தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் பில் ஷார்ட்டன் சாசேஜை நுனியிலிருந்து கடிக்காமல் நடுவிலிருந்து கடித்த படம் பல நாள் பேசப்பட்டது.

குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போட்ட அன்று நானும் வரிசையில் நின்றேன். ரொட்டியைக் கொடுத்த பெண்மணி "முதல் தடவையா?" என்று கேட்டு, பள்ளிக்கூடத்து மணியை எடுத்து அடித்தார். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"டோட்டல் ஃபயர் பேன்" என்று அறிவித்தால் பார்பெக்யூ செய்யலாமா?

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். கறுப்பு சனிக்கிழமை என்று அந்த நாளைச் சொல்வார்கள். அதை நேரில் பார்த்தவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கலாம். வெயிலும் வறட்சியும் காற்றும் சேரும் நாட்களில் வெட்டவெளியில் தீ மூட்டவே முழுத் தடை போடுவார்கள்.

தடை நாளில் விறகும் கரியும் கூடவே கூடாது. கேஸ், மின்சார அடுப்புகளுக்கு நிபந்தனையோடு அனுமதி உண்டு, விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விக்டோரியாவில் அடுப்பைச் சுற்றி 3 மீட்டருக்குத் தீப்பிடிக்கும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீர்க் குழாயோ குறைந்தது 10 லிட்டர் தண்ணீரோ பக்கத்தில் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 2 மீட்டர், கூடவே இடத்தைப் பற்றியும் கட்டுப்பாடு உண்டு. காலையில் கிளம்புமுன் உங்கள் மாநிலத்து அவசரகாலச் செயலியைத் திறந்து பாருங்கள். எங்காவது தீயைக் கண்டால் 000க்குப் போன் போடுங்கள்.

அடுக்குமாடி பால்கனியில் கேஸ் அடுப்பு வைக்கலாமா?

கட்டடத்தின் விதியைப் பாருங்கள், சிலவற்றில் தடை உண்டு. அனுமதி இருந்தால், பற்றவைக்குமுன் மூடியைத் திறந்துவிடுங்கள். மூடியபடி கேஸைத் திறந்தால் உள்ளே தேங்கி ஒரேயடியாகப் பற்றும். இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டரின் கழுத்தில் சோதனைத் தேதி பொறித்திருக்கும், 10 வருடம் தாண்டியதை நிரப்பித் தர மாட்டார்கள்.

முகாம் போகும்போது விறகு அடுப்பு மூட்டலாமா?

தேசியப் பூங்காக்களில் பூங்கா நிர்வாகம் கட்டி வைத்த இடத்தில் மட்டும். கீழே கிடக்கும் கட்டையையும் பொறுக்கக் கூடாது, பல்லியும் பூச்சியும் குடியிருக்கும் வீடு அது. பழைய வேலிக் கட்டைகளை எரிக்காதீர்கள், ஆர்செனிக் கலந்த மருந்தில் தோய்த்ததாக இருக்கலாம், புகையும் சாம்பலும் விஷம். ஆற்றுக் கற்களை அடுப்புக்கல்லாக வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் கொதித்து வெடிக்கும்.

கடைசியாக ஒன்று. தீயை மணல் போட்டு மூடாதீர்கள். மேலே ஆறினது மாதிரி தெரியும், அடியில் பல மணி நேரம் தணல் இருக்கும். மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைகள் அதை மிதித்துவிடுகின்றன. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

விறகு கிடைத்தால் டாம்பர் செய்து பாருங்கள். மாவு, உப்பு, தண்ணீர் பிசைந்து சாம்பலில் சுடும் ரொட்டி, மாடு ஓட்டிப் போனவர்களின் சாப்பாடு. குயின்ஸ்லாந்தின் பெடூரி என்ற சின்ன ஊரின் பெயரில் ஒரு ஸ்டீல் சட்டி உண்டு. வார்ப்பிரும்புச் சட்டிகள் குதிரையிலிருந்து விழுந்து உடைந்ததால் அப்படி ஒன்று தேவைப்பட்டது.

இதெல்லாம் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்த பழக்கம்தானே?

சாசேஜும் சாப்ஸும் அவர்கள் கொண்டுவந்தவை. வெட்டவெளியில் கூடிச் சமைப்பது அதற்குப் பல்லாயிரம் ஆண்டு முந்தியது. விக்டோரியாவின் பூர்வகுடிப் பெண்கள் மர்னோங் என்ற கிழங்கைத் தோண்டியெடுத்து, சூடான கற்கள் இட்ட குழியில் வேகவைத்தார்கள். மஞ்சள் பூப் பூக்கும் செடி அது. 1830களில் வந்த ஆடுகள் மேய்ந்தே அந்தக் கிழங்கை ஏறக்குறைய அழித்துவிட்டன. இன்று பூர்வகுடிச் சமூகங்கள் அதை மீண்டும் பயிரிடுகின்றன. தென்மேற்கு விக்டோரியாவில் குண்டிஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களால் கால்வாய் கட்டி விலாங்கு வளர்த்தார்கள். அந்த அமைப்பின் சில பகுதிகள் 6,600 ஆண்டு பழமையானவை. பட்ஜ் பிம் என்ற அந்த இடத்தை யுனெஸ்கோ 2019இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. டோரஸ் நீரிணைத் தீவுகளில் சூடான கல், வாழையிலை, மண் மூடிச் சமைக்கும் கப் மரி இன்றும் விசேஷங்களில் நடக்கிறது.

ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26 அன்று பார்பெக்யூவுக்குக் கூப்பிட்டால் போகலாமா என்றும் கேட்கிறார்கள். 1788இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்தர் பிலிப் சிட்னி துறைமுகத்தில் கொடியேற்றிய நாள் அது. 1938இலேயே பூர்வகுடித் தலைவர்கள் அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். நண்பர்களோடு சாப்பிடுவது உங்கள் விருப்பம், ஆனால் அது எல்லோருக்கும் கொண்டாட்டம் இல்லை என்று தெரிந்துகொண்டு போங்கள். நான் அன்று அடுப்பு மூட்டுவதில்லை.

பறவைகள் தட்டிலிருந்தே பறித்துக்கொண்டு போகின்றன. என்ன செய்வது?

கூக்கபரா மரக்கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நீங்கள் சாசேஜை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து வந்து அடிக்கும். முதுகை மரத்துக்கோ சுவருக்கோ கொடுத்து உட்காருங்கள், தட்டை மூடி வையுங்கள். பிரியப்பட்டுக்கூட ஊட்டாதீர்கள், பதப்படுத்திய கறி அதன் உடம்புக்கு ஆகாது.

மது?

பல பூங்காக்களில் தடை, சிலவற்றில் நேரக் கட்டுப்பாடு. பலகையைப் படியுங்கள். குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை.

நாங்கள் திருப்பிக் கூப்பிட வேண்டுமா? என்ன செய்வது?

கூப்பிடுங்கள், சந்தோஷப்படுவார்கள். அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிய பிறகு சிட்னியில் மாலை 7 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், வேலை முடிந்தே ஆரம்பிக்கலாம். வாரக் கடைசி என்றால் வீட்டில் ஒருவர் காலை 9 மணிக்கே போய் நிழலுள்ள மேசையைப் பிடிக்கட்டும். கொஞ்சம் சாதாரண சாசேஜ், ரொட்டி, வெங்காயம் இருக்கட்டும், அவர்களின் பிள்ளைகள் அதைத்தான் தேடும். மற்றது நம்முடையதாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் மிளகுப்பொடி தடவிய ஆட்டுச் சாப்ஸ் செய்வோம், கூடவே ஒரு பெரிய பாத்திரத்தில் எலுமிச்சை சாதம். போன வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவர் சாசேஜைத் தொடாமல் எலுமிச்சை சாதத்தையே மூன்று தடவை போட்டுக்கொண்டார். எல்லோரும் கிளம்பின பிறகும் நின்று, சுரண்டியை என் கையிலிருந்து வாங்கி, அந்தக் கல்லை அவரே துடைத்து முடித்தார்.